ஐம்பது கிலோ தாங்கும் பை

முதுகில் இருபது கிலோ அரிசியோடு நீக்கிலாஸ் மூன்றாம் மாடியைக் கடந்து நாலாம் மாடிப் படியில் காலை எடுத்து வைத்தபோது, பையின் இடது தோள்பட்டி பட்டென்று கழன்றது.

பை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபக்கம் சாய்ந்தார். அரிசிச் சாக்கு கைப்பிடிக் கம்பியில் மாட்டிக் கிழிந்து, மழை பெய்கிற சத்தத்தோடு அரிசி மரப்படிகளில் கீழே இறங்கியது.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. தில்லைநாயகி அக்கா தலையை நீட்டினார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு தபால்கூட மேலே ஏறியது கிடையாது.

"என்ன தம்பி, அரிசியைப் படியிலை காயப்போடுறியளோ?"

"இல்லை அக்கா. பை ஒண்டு பாக்கிறன்."

"பை பாக்கிறதெண்டா கடையிலையெல்லோ பாக்கிறது?"

மேலேயிருந்து பேர்ளியின் குரல் வந்தது. நீக்கிலாஸின் மனைவி கம்பியைப் பிடித்துக் குனிந்து, படிப்படியாக வெள்ளையாகிக்கொண்டிருந்த மாடிப்படியைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது எங்கடை வீட்டு அரிசியெல்லோ? வீட்டிலை இருந்த அரிசியை ஏன் கீழை கொண்டுபோய்த் திருப்பி மேலை கொண்டு வாறியள்?"

"பாரம் பாக்க."

"அது இருபது கிலோ எண்டு சாக்கிலையே எழுதியிருக்கே!"

நீக்கிலாஸ் அக்காவிடம் விளக்குமாற்றை வாங்கிக் கூட்டத் தொடங்கினார்.

அவருக்கு ஐம்பது வயது நடக்கிறது. மன்னாரிலிருந்து பாரிஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சோஸ் காய்ச்சி, இந்த வைகாசியில்தான் இரண்டாவது சமையல்காரர் என்ற இடத்துக்கு வந்திருந்தார். அதுவரை அந்த இடத்தில் இருந்த அல்பிரட் அண்ணை பென்சனில் போய்விட்டார்.

அல்பிரட் அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை வேலை கிடையாது. நீக்கிலாஸோ பதினான்கு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் அடுப்படியில் நின்றவர். அண்ணையின் இடம் கிடைத்தால் அண்ணையின் ஞாயிறும் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். இடம் கிடைத்தது. வெள்ளைச் சட்டையில் பெயர்கூடத் தைத்துக் கொடுத்தார்கள். ஞாயிறு மட்டும் வரவில்லை.

அவருடைய மகள் றஜனிக்குப் பதினாறு வயது. ஹாண்ட்போல் விளையாடுகிறாள், கோல் காப்பவள். மட்ச் எல்லாம் ஞாயிறு காலையில்தான். அப்பா ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. முன்பெல்லாம் திங்கட்கிழமை காலையில் ஃபோனில் வீடியோ காட்டுவாள். "பாப்பா, இதைப் பாருங்கோ, இதை நான் காலாலை தடுத்தனான்" என்பாள். 'பாப்பா' என்றால் பிரெஞ்சில் அப்பா. இந்த வருடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "பரவாயில்லை பாப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நீக்கிலாஸுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரத்தில்தான் முதலாளி கூப்பிட்டார்.

மூசியோ செபஸ்டியன் ஆறடிக்கு மேல் உயரம். இலையுதிர் காலம் வந்தால் சொலோங் காட்டுக்கு வேட்டைக்குப் போவார். அவர் கொண்டுவரும் காட்டுப்பன்றியைச் சிவப்பு வைனில் ஊறவைத்துச் சமைப்பது நீக்கிலாஸ், முதலாளியின் வாயில் 'நிக்கோலா'.

"நிக்கோலா, வேட்டைக்கு ஒரு முதுகுப்பை வேண்டும். பழையது கிழிந்துவிட்டது. வாத்து, முயல், பன்றி, எல்லாவற்றுக்கும் ஒரே பை. நல்ல பாரம் தாங்க வேண்டும். நீயே பார்த்து எடு."

"நானா மூசியோ? எனக்கு வேட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாதே."

"வேட்டை எனக்குத் தெரியும். சுமை உனக்குத் தெரியும். உனக்கு எது பிடிக்கிறதோ அதை எடு."

நீக்கிலாஸின் மனதுக்குள் உடனே ஒரு திட்டம் உருவானது. இதுவரை எவருமே வாங்கிக் கொடுக்காத அளவுக்கு ஒரு பையைத் தேர்ந்து கொடுப்பது. முதலாளி மகிழ்ந்துபோய் நிற்கிற அந்த நிமிடத்தில் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது.

முதல் பையை ஒரு நடைப்பயணக் கடையில் எடுத்தார். அதன் கதைதான் மாடிப்படியில் முடிந்தது.

*

அடுத்த நாள் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கிற இடைவேளையில், ஒபேராப் பக்கம் ஒரு சின்னத் தெருவில் இருந்த வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு காட்டுப்பன்றியின் தலை அவரை உற்றுப் பார்த்தது. எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், அவர் இதுவரை பார்த்த பன்றிகளில் எதற்கும் தலை இருந்ததில்லை.

கடைக்காரர் ரோமன் தாடி வைத்த இளம் மனிதர். நீக்கிலாஸின் சப்பாத்திலிருந்து மீசை வரை ஒருமுறை பார்த்தார்.

"வேட்டைப் பையா? உங்களுக்கா?"

'முதலாளிக்கு' என்றுதான் நீக்கிலாஸ் சொல்லியிருப்பார். ஆனால் அந்த 'உங்களுக்கா' என்ற கேள்வியின் இழுவை அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஓம்," என்றார் பிரெஞ்சில்.

"எதை வேட்டையாடுகிறீர்கள்?"

"காட்டுப்பன்றி."

"பெரியதா?"

"போன வருடம் ஒன்று தொண்ணூறு கிலோ. தொடையில் கொழுப்பே இல்லை, எல்லாம் நார். தோளை இரண்டு நாள் வைனில் போட வேண்டியிருந்தது. சுட்ட சன்னம் மூன்றாவது விலாவில் நின்றது. என்னுடைய கத்தியால்தான் எடுத்தேன்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரோமன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவ்வளவு அடக்கமாகப் பேசுகிற வேட்டைக்காரரை அவர் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். துணி உரசினால் சத்தம் வரக்கூடாது, பன்றிக்குக் காது கூர்மை என்றார். மணமும் கூடாது, பன்றிக்கு மூக்கு அதைவிடக் கூர்மை. பாரம் தோளில் நிற்கக்கூடாது, இடுப்புப் பட்டியில் இறங்க வேண்டும். பக்கத்தில் வேட்டைத் துவக்கைச் செருக ஒரு உறை. சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் இறைச்சியை வைத்துக் கட்ட ஒரு தட்டு. மேலே மூட ஒரு செம்மஞ்சள் உறை.

"அது ஏன் இந்த நிறம்?"

"பன்றி என்று நினைத்து மற்றவர்கள் உங்களைச் சுடாமல் இருக்க."

நீக்கிலாஸ் தலையாட்டினார். பாவம் மூசியோ, எவ்வளவு ஆபத்தான பொழுதுபோக்கு.

"முப்பது கிலோ தாங்கினால் போதுமா?"

நீக்கிலாஸ் மாடிப்படி அரிசியை நினைத்துக்கொண்டார். "கூட வேண்டும்."

"நாற்பது?"

"இன்னும் கூட."

ரோமன் உள்ளே போய், அலுமினியச் சட்டத்தோடு ஒரு பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். நிறுத்தி வைத்தால் அது நீக்கிலாஸின் நெஞ்சு வரை வந்தது.

"இது ஐம்பது கிலோ தாங்கும். ஆனால் ஐயா, ஐம்பது கிலோவைச் சுமக்கிற ஆளின் நிலைமை?"

"அது சுமக்கிறவர் பாடு," என்றார் நீக்கிலாஸ்.

ஒரே ஒரு சிக்கல். பையின் சட்டத்தைச் சுமப்பவரின் முதுகு நீளத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க வேண்டும். கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளவு வேண்டும். ரோமன் அளவு நாடாவை எடுத்தார். நீக்கிலாஸ் இரண்டடி பின்வாங்கினார்.

"வேண்டாம். வீட்டில் அளந்துகொள்கிறேன்."

மறுநாள் மூசியோ செபஸ்டியன் குளிர் அறையில் வெண்ணெய்க்கட்டியைத் தேடிக் குனிந்து நின்றபோது, நீக்கிலாஸ் இறைச்சி கட்டுகிற நூலை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு நுனியை முதலாளியின் கழுத்தடியில் வைத்து அழுத்தினார்.

"நிக்கோலா?"

"ஈ, மூசியோ."

"குளிர் அறையில் ஈயா?"

மறுநுனி இடுப்புக்கு வந்தது.

"இப்போது இடுப்பிலா?"

"அதே ஈதான், மூசியோ."

முதலாளி நிமிர்ந்து அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வெண்ணெய்க்கட்டியை எடுத்துக்கொண்டு சற்று வேகமாக வெளியே போனார். நூலில் ஐம்பத்தெட்டுச் சென்டிமீற்றர் இருந்தது. நீக்கிலாஸ் சட்டத்தை ஐம்பத்தெட்டுக்கு ஏற்றிப் பூட்டினார்.

*

பையைக் கொடுப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மிச்ச அரிசி, பத்துத் தேங்காய், உடுப்புத் தோய்க்கும் பவுடர், றஜனியின் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, இடைவேளையில் ரூ பஜோல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஆறடி மனிதருக்கு ஏற்றிய பை, ஐந்தடி மூன்றங்குல மனிதரின் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு நாள் அப்படி நடந்தார்.

மூன்றாம் நாள் பேர்ளி அவரை வாசலில் மறித்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்கள் வீட்டை விட்டுப் போறியளாம்."

"ஆர் சொன்னது?"

"மன்னாரிலை இருந்து தங்கச்சி அழுதுகொண்டு எடுத்தவள். அவளுக்கு லண்டன் மாமி சொன்னவவாம். மாமிக்கு ஆர் சொன்னதெண்டு கேட்டா, இஞ்சை மூண்டாம் மாடி தில்லைநாயகி அக்கா."

மூன்றாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்கு வர அந்தச் செய்திக்கு லண்டன், மன்னார் என்று மூன்று நாள் ஆகியிருந்தது.

நீக்கிலாஸ் அவளை இருத்தி, முதலாளி கேட்டது, ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் எல்லாவற்றையும் சொன்னார். றஜனியின் பெயர் வந்ததும் பேர்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இப்பவே கீழை போய் அக்காவுக்கு உண்மையைச் சொல்லுறன்," என்றார் நீக்கிலாஸ்.

"ஐயோ வேண்டாம்! இவர் இப்ப செஃப் எண்டு சனத்துக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன். முதலாளியின்ரை பையைச் சுமந்து பாக்கிறார் எண்டு தெரிஞ்சா என்ன நினைப்பினம்? நானும் உங்களோடை நடந்து வாறன். புருஷனும் பெண்சாதியும் சேந்து போனா ஆர் என்ன சொல்லுறது?"

பேர்ளி நல்ல சேலையொன்றைக் கட்டிக்கொண்டு கூடப் போனாள். மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.

"இண்டைக்கு ரெண்டு பேருமோ? எங்கை, பாரமெல்லாம் கட்டிக்கொண்டு? வீட்டை மாத்திறியளோ?"

பேர்ளி வீட்டில் ஒத்திகை பார்க்காத ஒரு பதிலைச் சொன்னாள்.

"லூர்து மாதாவுக்கு ஒரு நேர்த்தி அக்கா. நடந்து போறதெண்டு. அதுக்குத்தான் இவர் பாரம் பழகிறார்."

தில்லைநாயகி அக்கா நெஞ்சில் கை வைத்தார். அவருடைய கண்ணில் நீர் நிறைந்தது. நீக்கிலாஸுக்கும் நிறைந்தது, வேறு காரணத்துக்காக.

அன்றைக்குப் பின்னேரமே முதல் மெழுகுதிரி வந்தது. தில்லைநாயகி அக்காதான் கொண்டுவந்தார்.

"மாதாவும் எங்கடை அம்மாளும் ஒண்டுதானே தம்பி. என்ரை முழங்காலுக்காக ஒண்டு கொளுத்திவிடுங்கோ. இந்தப் போத்தலிலை கொஞ்சம் தீர்த்தமும்."

அடுத்த நாள் ரூ பெர்தொனே நகைக்கடைக்காரர் இரண்டு அனுப்பினார். பிறகு ஆறு. பிறகு எண்ணுவதைப் பேர்ளி விட்டுவிட்டாள். ஒருவர் தன் மகனின் வேலை அனுமதிக் கடிதத்துக்காக ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில் ஒன்றைக் கொண்டுவந்து, "பாரமெண்டா மன்னியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுக்க முடியவில்லை. வீட்டில் வைக்க வேறு இடமும் இல்லை. அரிசியையும் தேங்காயையும் மற்றதையும் வெளியே எடுத்துவிட்டு மெழுகுதிரிகள் எல்லாவற்றையும் பைக்குள் போட்டார்கள். வெறும் போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே போயின.

றஜனி பள்ளிக்கூடத்தால் வந்து ஃபோனில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"பாப்பா, லூர்து எண்ணூறு கிலோமீற்றர்."

"தெரியும்."

"தேங்காயோடையா போறீங்கள்?"

பேர்ளிதான் காப்பாற்றினாள். "பள்ளிக்கூட லீவு வர எல்லாரும் ரெயிலிலை போவம். நடந்தா மட்டும்தான் மாதா கேப்பாவோ?"

அப்படி அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று மூவரும் படுத்தார்கள். அந்த வாரம்தான் கட்டடத்துக்குச் சூடேற்றத் தொடங்கினார்கள் என்பதையும், பையைச் சாத்தி வைத்த இடம் சூடாக்கியின் பக்கம் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

வியாழன் காலையில் நீக்கிலாஸ் பையைத் திறந்தார். உள்ளே மெழுகுதிரி என்று ஒன்றும் இருக்கவில்லை. திரிகள் இருந்தன. மற்றதெல்லாம் பையின் அடியில் ஒரு குளமாகி உறைந்திருந்தது. வீடு முழுவதும் பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரி மணத்தது.

"நாளைக்கு இதை அவரிட்டைக் குடுக்கோணும் பேர்ளி! பன்றிக்கு மூக்குச் சரியான கூர்மையாம்!"

"பதறாதேங்கோ. பேப்பரை வைச்சு மினுக்கினா மெழுகு பேப்பரிலை ஏறும்."

பெரிய கட்டிகளைக் கத்தியால் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு கடைகளில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, அதன் மேல் உடுப்பு மினுக்கும் பெட்டியைச் சூடாக்கி வைத்துப் பேர்ளி அழுத்தினாள். மெழுகு பேப்பரில் ஏறியது உண்மைதான். ஆனால் பேப்பரும் மெழுகில் இறங்கியது. அவள் பேப்பரை உரித்தபோது, பையின் அடித்துணியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மாலையோடு, இடம் வலமாகத் திரும்பிய எழுத்துகளுக்கு நடுவிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி.

இருவரும் நீண்ட நேரம் அவரைப் பார்த்தார்கள்.

"ஆரெண்டு தெரியுமோ?" என்றார் நீக்கிலாஸ்.

"தெரியாது. பாவம், நல்ல முகம்."

எவ்வளவு தேய்த்தும் பெரியவர் போகவில்லை.

*

வெள்ளிக்கிழமை மதிய வேலை முடிந்து சமையலறை ஓய்ந்ததும், நீக்கிலாஸ் பையை மேசையில் வைத்தார். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சட்டத்தைத் தட்டினார். துணியைக் காதருகே வைத்துக் கசக்கினார். பிறகு திறந்து தலையை உள்ளே விட்டார். நீக்கிலாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தேன்மெழுகு!" என்று பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என் தாத்தாவும் பையின் உள்பக்கத்துக்கு மெழுகு பூசுவார். ஈரம் இறங்காது. இதையெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது?"

"என் மனைவி, மூசியோ."

"இது யார், கண்ணாடி போட்டவர்?"

நீக்கிலாஸ் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"விளங்கிவிட்டது," என்றார் முதலாளி மெல்லிய குரலில். "எங்களுக்கு வேட்டைக்காரரின் காவலர் புனித ஹூபேர். உங்களுக்கு இவர். காட்டில் காவல் வேண்டும்தான். நல்ல யோசனை."

நீக்கிலாஸ் அந்தப் பெரியவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

"சரி, பாரத்தைப் பார்ப்போம். போடு."

முதலாளி தானே போட்டுப் பார்ப்பார் என்றுதான் நீக்கிலாஸ் நினைத்தார். ஆனால் பெரிய மனிதர், கடை உடுப்போடு நின்றவர். ஆகவே தானே முதுகில் மாட்டிக்கொண்டார். முதலாளி எண்ணெய்த் தகரங்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். பிறகு இரும்புச் சட்டி. பிறகு ஒரு முழுப் பன்றித் தொடை. நீக்கிலாஸ் சமையலறையை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு தையல்கூட முனகவில்லை.

"அற்புதம்! ஆனால் பட்டி தொடையில் நிற்கிறதே. சட்டத்தை இறக்கிவிடு."

"இது சரியான அளவு மூசியோ. நான் அளந்து..."

"இல்லை இல்லை, மிகவும் உயரம். ஒரு பத்துச் சென்டிமீற்றர் இறக்கு."

நீக்கிலாஸ் இறக்கினார். அவருக்கு மனம் இளகிவிட்டது. வயது போகப் போக மனிதருக்குத் தன் உடம்பே குறுகிப் போனதாகத் தோன்றுமாம். ஆறடி மனிதருக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"பையை நீயே வைத்திரு. இங்கே வைத்தால் எண்ணெய் மணம் ஏறும்," என்றார் முதலாளி.

எவ்வளவு நம்பிக்கை! இதைவிட நல்ல நேரம் வராது. நீக்கிலாஸ் தொண்டையைச் செருமினார். இரண்டு வாரமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு வாக்கியங்கள் அத்தனையும் அந்த நேரம் மறந்துபோயின.

"மூசியோ... ஞாயிற்றுக்கிழமை..."

"ஞாயிற்றுக்கிழமைதான்!" முதலாளி அவருடைய தோளில் அறைந்தார். "இந்த ஞாயிறிலிருந்து நீ சமையலறைக்கு வர வேண்டாம். அல்பிரட்டுக்கு எப்படியோ, உனக்கும் அப்படித்தான். அந்த இடத்தில் இருக்கிறவருக்கு உரியது அது."

நீக்கிலாஸ் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பதினான்கு வருடம் நெஞ்சுக்குள் கிடந்த ஒன்றைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாரே!

வீட்டில் செய்தியைச் சொன்னபோது பேர்ளி சிலுவை போட்டுக்கொண்டாள். றஜனி அறைக்குள் போய், சற்று நேரத்தில் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தாள். மைதானத்துக்கு எந்த மெத்ரோவில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தாள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் தமிழில் எழுதி நீக்கிலாஸ் பார்த்தது அதுதான். இரண்டு பிழை இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பத்து மணிக்குத் தொடங்கும் பாப்பா. முன் வரிசையிலை இருங்கோ. ஆனா கத்திப் போடாதேங்கோ."

"கத்த மாட்டன்," என்றார் நீக்கிலாஸ், கத்துவது என்று முடிவு செய்துகொண்டு.

*

சனிக்கிழமை இடைவேளையில் உணவகத்திலிருந்து பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ரூ பெர்தொனே வழியாக நடந்தார். சட்டத்தை இறக்கிய பிறகு பை அவருடைய முதுகில் தைத்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. யாருக்கு அளந்ததோ, தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

தேநீர்க் கடைக்கு வெளியே, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக் கதிரையில் இருந்தவர் அல்பிரட் அண்ணை. பென்சனில் போன பிறகு இன்றுதான் நீக்கிலாஸ் அவரைக் காண்கிறார். அண்ணை எழும்பவில்லை, எழும்புவது அவருக்கு இப்போது பெரிய வேலை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. நல்ல சாமானாக் கிடக்கு. மூசியோ கேட்டவரோ?"

"ஓம் அண்ணை. என்னையே தெரிஞ்செடுக்கச் சொன்னவர்."

"என்னையும் அப்பிடித்தான் சொன்னவர். 'உனக்குப் பிடிச்சதை எடு' எண்டு."

"மனுசன் தங்கம் அண்ணை. உங்களுக்குத் தந்தமாதிரி எனக்கும் ஞாயிறு தந்திட்டார். நாளைக்கு மகளின்ரை மட்ச் பாக்கப் போறன்."

அல்பிரட் அண்ணை தேநீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாளைக்கோ? அப்ப விடிய நாலரைக்குக் கார் வருமெண்டு உனக்குச் சொல்லேல்லையோ?"

"என்ன கார் அண்ணை?"

அண்ணை கையை நீட்டி, பையின் சட்டத்தை விரலால் சுண்டினார்.

"இது எத்தினை கிலோ தாங்கும்?"

"ஐம்பது!" என்றார் நீக்கிலாஸ், பழக்கத்தில் வந்த பெருமையோடு.

அல்பிரட் அண்ணை அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு தன் முதுகுத் தலையணையை உருவியெடுத்து அவரிடம் நீட்டினார்.

"மூசியோ காட்டிலை துவக்கை மட்டும்தான் தம்பி தூக்குவார், பன்றியைத் தூக்கிறது ரெண்டாவது சமையல்காரன், அதாலைதான் நான் பதினொரு வருஷமும் பத்துக் கிலோவுக்கு மேலை தாங்காத பையாப் பாத்து வாங்கினனான்."